நெத்தியிலை மூண்டு கோடு

நான் கோபுரத்துப் பொம்மையளுக்கு வர்ணம் அடிக்கிறவன். கோப்பாயிலையும் சாவகச்சேரிப் பக்கத்திலையும் நீங்கள் அண்ணாந்து கும்பிடுற சாமியளிலை அரைவாசிக்கு முகம் எழுதினது என்ரை கைதான். பெருமையாத்தான் சொல்லுறன், சொன்னால் என்ன? அப்பிடியான என்னைத் தீவு விகாரையிலை இருக்கிற பெரிய புத்தருக்குப் பெயின்ற் அடிக்க வரச்சொல்லி ஆள் வந்தது.

புத்த விகாரை எண்டால் எங்கடை ஆக்களுக்கு உடனை முகம் சுருங்கும். எனக்கும் சுருங்கினதுதான், ஏன் பொய் சொல்லுவான்? மனுசி வேறை, "நாளைக்கு எந்தக் கோயில்காரர் உங்களைக் கூப்பிடப் போகினம்?" எண்டு துவங்கீட்டாள். அவள் வேண்டாம் எண்டதும் எனக்கு ரோசம் வந்திட்டுது. கொடிகாமத்திலை இருக்கிற அவளின்ரை தம்பியையும் இழுத்துக்கொண்டு வள்ளம் ஏறினன்.

சிலை தென்னைமர உயரம். சம்மணங்கட்டி, கடலைப் பாத்தபடி. உப்புக்காத்திலை மஞ்சள் பெயின்ற் செதில்செதிலாக் கழண்டு கிடந்தது. விகாரைக்கு ஒரேயொரு பிக்கு, மெலிஞ்ச கிழவர். மீன் விக்கிற சனத்திட்டைப் பழகின தமிழ் நல்லாக் கதைப்பார்.

"சாமி, பாலஸ்தாபனம் செய்தாச்சோ?" எண்டு கேட்டன். எங்கடை கோயிலிலை திருத்தவேலைக்கு முன்னம் சாமியின்ரை சக்தியைக் கும்பத்திலை இறக்கிப் புறம்பா வைச்சுப்போடுவினம். அதுக்குப் பிறகுதான் நாங்கள் கால்வைச்சு ஏறுறது. பிக்கு சிரிச்சார். "இஞ்சை அப்பிடி இல்லை. உங்களுக்கு மனம் கேக்காட்டி நான் எங்கடை காப்பு மந்திரம், பிரித், ஓதுறன்" எண்டார். எங்களுக்காக நிண்டு, வெயிலுக்கை, முழுசா ஓதினார். எனக்கு அந்த மனுசனிலை அப்பவே ஒரு மரியாதை வந்திட்டுது.

தேத்தண்ணிக்கு இருக்கேக்கை விகாரையின்ரை கதை சொல்லுவார். முந்தி உதிலை சிலை இல்லையாம், கடல் முருகைக்கல்லிலை கவிட்ட சட்டி மாதிரிக் கட்டின ஒரு சின்னத் தாதுகோபம்தானாம். அது எந்தக் காலத்தது, ஆர் கட்டினது எண்டு ஆருக்கும் தெரியாது. தமிழ் ஆக்களே கும்பிட்ட இடமெண்டும் சொல்லுவினமாம். சிலையை எழுப்பினது இவற்றை குரு. மண்ணும் சீமெந்தும் தீவுச் சனத்தின்ரை வள்ளங்களிலை வந்தது. முகத்தைச் செய்தவர் யாழ்ப்பாணத்து மேசன் ஒராள்.

அந்த மேசனை எனக்குத் தெரியாது. ஆனால் சாரத்திலை ஏறி முகத்துக்குக் கிட்ட நிண்டன் பாருங்கோ, ஐயோ, என்ன கை! கிட்ட நிண்டால் இமை வீங்கின மாதிரி, சொண்டு கோணல். கீழை இறங்கி நிண்டு பாத்தால் அதே சொண்டு சிரிக்குது. கும்பிடுறவன் கீழைதான் நிப்பான் எண்டு கணக்குப் பண்ணிச் செய்திருக்கிறான், மனுசன். முப்பது வருசம் கோபுரத்திலை தொங்கின எனக்கே வெக்கமாப் போச்சு.

கடைசி நாள் மத்தியானம் முகம் முடிக்கிறன். பின்னேர வள்ளத்திலை தெற்கிலையிருந்து சிங்கள யாத்திரைக்காரர் வருகினம் எண்டு பிக்கு சொல்லியிருந்தார். சொண்டுக்குச் சிவப்பு, கண்ணுக்கு வெள்ளை. எல்லாம் முடிச்சு இறங்கி, பிரஷைக் கழுவிக்கொண்டிருக்க, மச்சான் வாயைப் பிளந்துகொண்டு மேலை பாக்கிறான்.

"அத்தான்... என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

அண்ணாந்தன். புத்தற்றை நெத்தியிலை வெள்ளையா மூண்டு கோடு. நடுவிலை சிவப்புப் பொட்டு.

முருகா! கோபுரத்திலை ஒரு முகம் முடிஞ்சால், மிஞ்சின வெள்ளையிலை திருநீறும் மிஞ்சின சிவப்பிலை பொட்டும் வைச்சிட்டுத்தான் நான் இறங்கிறது. கை தன்ரைபாட்டிலை செய்துபோட்டுது. கிட்ட நிண்டதாலை கண்ணுக்குப் பிடிபடேல்லை. வாறவையிலை ஒராள் ஒரு படம் எடுத்துப் போட்டால் காணும். தமிழன் வேணுமெண்டு புத்தருக்குத் திருநீறு பூசினவன் எண்டு நாடு முழுக்கக் கதை போகும். என்ரை சீவியமும் போச்சு, அந்தக் கிழவருக்கும் கரைச்சல்.

திரும்பவும் சாரத்திலை ஏறினன். பெயின்ற் கரைக்கிற ரேப்பன்ரைனிலை நனைச்ச துணியாலை தேய்தேய் எண்டு தேய்ச்சன். என்ரை பெயின்ற் போச்சு. அதுக்குக் கீழை இருந்த பழைய பெயின்ற்றும் தட்டுத்தட்டாக் கழண்டுது. சீமெந்து தெரிஞ்ச இடத்திலை மூண்டு கோடு! பெயின்ற் இல்லை. ஈரச் சாந்திலை ஆரோ மூண்டு விரலாலை இழுத்த கோடு. மனுச விரல் அளவு. அவ்வளவு பெரிய நெத்தியிலை கீழையிருந்து பாத்தால் தெரியவே தெரியாது.

இறங்கி ஓடிப்போய்ப் பிக்குவிட்டை எல்லாத்தையும் ஒப்புவிச்சன். என்ரை பிழையையும் சொன்னன், அந்தக் கோட்டையும் சொன்னன். பேச்சு விழும் எண்டுதான் நிண்டன்.

"ஓ, அதைக் கண்டிட்டியளோ?" எண்டார். "மேசன் முகம் முடிச்ச அண்டைக்கு என்ரை குருவிட்டை வந்து அழுதவராம். 'சாமி, நான் செய்த முகம், நெத்தியை வெறுமையா விட என்ரை மனம் கேக்குதில்லை' எண்டு. கீழை தெரியாமல் வையுங்கோ எண்டு குரு சொன்னவராம்."

தூரத்திலை வள்ளத்தின்ரை சத்தம் கேக்கத் துவங்கீட்டுது.

"உங்கடையும் வையுங்கோ," எண்டார் பிக்கு. "பிறகு மஞ்சள் அடியுங்கோ. கெதியா."

ஏறினன். பிரஷை எடுக்கேல்லை. மூண்டு விரலை வெள்ளையிலை தோய்ச்சு அந்தக் கோட்டுக்கை வைச்சன். பேரும் தெரியாத அந்த மனுசன் என்னிலும் மெலிஞ்ச விரல்காரன்; என்ரை விரல் கொஞ்சம் இறுகித்தான் போச்சு. மெல்ல இழுத்தன். அழுகை வந்திட்டுது, துடைக்கவும் கை இல்லை. அதுக்கு மேலை மஞ்சளை அடிச்சு மூடினன்.

நான் இறங்கவும் சனம் இறங்குதுறையாலை வரவும் சரியா இருந்தது. வெள்ளைச் சீலை கட்டின ஒரு அம்மா செருப்பைக் கழட்டிப்போட்டு, அண்ணாந்து அந்த முகத்தைப் பாத்தபடியே மண்ணிலை முழந்தாளிட்டா. நானும் பக்கத்திலை நிண்டு கும்பிட்டன். என்ரை மூண்டு விரலிலையும் வெள்ளை இன்னும் காயேல்லை.