ஆலங்குடி பஸ்ஸில் கிடைத்த முதலீடு

ஆலங்குடி பஸ்ஸில் உட்கார்ந்து, பூ விவசாயிகளுக்கான என் ஆப்புக்கு முதலீடு கேட்டு ஒரு சென்னைக்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கையில் இருப்பது இன்னும் இரண்டு மாதச் சம்பளத்துக்கான பணம்தான்.

"இன்னும் கொஞ்சம் வளந்துட்டு வாங்க" என்று வைத்துவிட்டார்.

பக்கத்து சீட்டு அக்கா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மடியில் ஒரு அழைப்புப் பத்திரிகைக் கட்டு.

"ஏன் தம்பி இம்புட்டு கெஞ்சுறீங்க? இந்த ஆடியில மொய் விருந்து வச்சு ஊருக்குச் சோறு போட்டீங்கன்னா, வர்றவுக எழுதுற மொய்யிலயே ஒரே நாள்ல வசூலாயிருமே. வட்டியும் கெடையாது."

எனக்கு முகமெல்லாம் பல்.

"இதுவரைக்கும் நீங்க எத்தனை பேருக்கு மொய் செஞ்சிருக்கீங்க?"

"யாருக்கும் இல்லக்கா."

"அப்ப ஒங்களுக்கு யாரு செய்வா?"

சென்னைக்காரரே தேவலை என்று தோன்றியது.

இறங்கும்போது கட்டிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி என் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம எங்க மொய் விருந்து. வந்து ஒங்க மொய்க் கணக்க ஆரம்பிச்சு வைங்க."

நிதி திரட்டக் கிளம்பிய நான் இப்போது அந்த அக்காவின் முதலீட்டாளர்.

கறிச்சோறு உண்டு. துணைக்கு வருகிறவர்கள் பர்ஸோடு வரவும்.