போகிறேன் என்று மட்டும் சொன்னவன்

லேபில் அவளுக்கு ரிப்போர்ட் அக்கா என்று பெயர். ரத்தமோ சிறுநீரோ, கண்ணாடித் தகட்டில் என்ன தெரிகிறதோ அதை மட்டும்தான் எழுதுவாள். புதிதாக வந்த பெண் யாராவது யூகமாக ஒரு வார்த்தை எழுதிக் கொண்டுவந்தால், அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளை ஆங்கிலத் தேர்வின் கதைப் பகுதி படாத பாடு படுத்தியது. மருத்துவமனை நிர்வாகம் கைமாறியதும், லேபுக்கு மேற்பார்வையாளராக வருகிறவர் அந்தத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அந்த வேலை எல்லாவற்றையும் வருஷக்கணக்காக அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பதவிதான் கிடைக்கவில்லை. இலக்கணம், கடிதம், செய்திக் கட்டுரை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கதையில் மட்டும் இரண்டு தடவை கவிழ்ந்தாள். இனி ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால், தான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெண்ணிடமே லீவு கேட்டு நிற்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. கணவனின் தங்கை பள்ளியில் ஆங்கில டீச்சர், அவர்களோடேயே தங்கியிருந்தாள். மாலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் உட்காருவார்கள். நாத்தனார் கையில் சிவப்புப் பேனா. அண்ணி என்கிற அதிகாரமெல்லாம் அந்த நேரத்தில் செல்லாது.

ஒரு கதையில் கிழவர் ஒருவர் கைக்குட்டையில் இருமி, அதை அவசரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் மனநிலை என்ன என்று கேள்வி. சளியைச் சோதித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று அக்கா எழுதிவைத்தாள். நாத்தனார் சிரித்தே விட்டாள். கிழவர் மகனிடம் நோயை மறைக்கிறாராம், கூச்சப்படுகிறாராம். அது எந்த வரியில் இருக்கிறது என்று அக்கா மல்லுக்கு நின்றாள். எழுதியிருந்தால் எதற்குக் கேட்கப்போகிறார்கள், நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றாள் நாத்தனார். நாமாகப் புரிந்துகொண்டு ரிப்போர்ட் எழுதினால் ஆள் செத்துப்போவான் என்று அக்கா புத்தகத்தைத் தள்ளிவிட்டாள். இன்னொன்றில் ஒரு பெண் ஜன்னலைச் சாத்தினாள். அதற்கு அரைப் பக்கம் காரணம் எழுத வேண்டுமாம். குளிர் என்று ஒரே வார்த்தையில் முடித்தால் முட்டை மார்க். இந்தக் கதை எழுதுகிறவர்களுக்கு மனதில் உள்ளதை நேராகச் சொன்னால் வாயா வெந்துவிடும்?

தேர்வுக்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சித் தாளை எடுத்தார்கள். அதில் ஒருவன் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "நான் போகிறேன்" என்கிறான். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே இருக்கிறாள், திரும்பவில்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறான். மனைவிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று கேள்வி.

படிக்கத் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக ஒரு கதை அக்காவுக்குள் இறங்கியது. அவன் திரும்பி வரப்போவதில்லை, அது மனைவிக்குத் தெரியும், அழுகையைக் காட்டக்கூடாது என்றுதான் திரும்பவில்லை என்று பக்கம் முழுக்க எழுதித் தள்ளினாள். தாளை நீட்டும்போது முகத்தில் பெருமை தாங்கவில்லை.

நாத்தனார் படித்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டாள். அவன் ஆபீசுக்குத்தான் போகிறானாம். தினமும் போகிறவன். அவளுக்கு அலுப்பு, வேறொன்றுமில்லை என்று விடைக்குறிப்பில் போட்டிருந்தது.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "திரும்பி வர்றவன் எவனாவது 'போறேன்'னு சொல்லுவானா? 'போயிட்டு வரேன்'னுதானே சொல்லுவான்?"

"அது இங்கிலீஷ், அண்ணி. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"எந்த பாஷையா இருந்தா என்ன? வரேன்னு சொல்லாமப் போறவன் வரமாட்டான்."

நாத்தனார் பேனாவை மூடினாள். அவள் கணவன் வேலைக்கென்று வெளியூர் போய் இரண்டு வருஷமாகிறது. வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை என்று அவள் சொல்லிவந்தாள். அவள் சொன்னதை அக்கா அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் போனாரு, அண்ணி."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, துக்கமா, இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாளா? அந்த முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னத்தைப் பார்த்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. நாத்தனார் பேனாவைத் திறந்து, நேரமாகிறது, அடுத்த கேள்வியைப் படியுங்கள் என்றாள்.

மறுநாள் கதைப் பகுதியில் ஒரு பெண் யாரோடும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் பேசவில்லை என்று கேள்வி. முன்பெல்லாம் அக்காவுக்கு ஒரு காரணம்கூடத் தோன்றாது. அன்றைக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. எந்த ஒன்றை எழுதினாலும் அந்தப் பெண்ணின் மேல் பழி போடுவதாகப் பட்டது. மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டு போனபோது, அந்தக் கேள்விக்குக் கீழே அவள் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை.