சின்னராசுவின் நான்காவது சிலுவை

செங்கல்பட்டு ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார் சின்னராசு. மாமல்லபுரத்தில் பசியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். அவர் பதிலுக்குக் கொடுத்த வெள்ளிச் சிலுவையில்தான் எல்லாம் தொடங்கியது. ருஷ்யாவில் ஜார் மன்னர்கள் போர்வீரர்களுக்கு வழங்கிய, ஆரஞ்சும் கறுப்புமான நாடாவில் தொங்கும் பதக்கம் அது. நடுவில் குதிரைமேல் ஒரு புனிதர் பாம்பைக் குத்துகிறார். பின்பக்கம் ஓர் எண். இதில் நான்கு தரங்கள் உண்டு என்று தெரிந்ததும் மற்ற மூன்றையும் தேட ஆரம்பித்தார். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடைகளில் பன்னிரண்டு வருடம் அலைந்தார்.

கடைசிச் சிலுவை 1975இல் கிடைத்தது. வெல்வெட் பெட்டியின் நான்காவது குழியில் அதைப் பதித்தார். எண்ணை நோட்டில் குறிப்பதற்குள் மகள் பாப்பாவுக்கு டைபாய்டு. பதினோராம் நாள் காய்ச்சல் இறங்கியது. பெட்டியைத் திறந்தால் நான்காவது குழி காலி.

"எங்கடி அது?"

"சந்தியாகப்பருக்கு நேந்துகினேன். கொயந்த கண்ணு தொறந்திச்சி, குடுத்துட்டேன்" என்றாள் மனைவி மேரி.

"அதுல கீறது சந்தியாகப்பரு இல்லடி, வேற சாமி."

"குதிர மேல வேற எவரு வருவாரு? உனுக்குத்தான் இன்னும் மூணு கீதே!"

சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டி ஒரு குப்பத்தில், குதிரைமேல் வரும் புனிதர் சந்தியாகப்பரின் அந்தச் சிறிய கோயில். நேர்ந்துகொண்ட வெள்ளிக் கால்களுக்கும் கண்களுக்கும் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய சிலுவை தொங்கியது. சின்னராசுவுக்குப் பக்தி கிடையாது. ஆனால் திருப்பிக் கேட்க நினைத்த போதெல்லாம் பாப்பா இருமினாள், அல்லது இருமியதுபோல் இருந்தது.

ஒரு வருடம் பொறுத்தார். பிறகு, சிலுவைக்குப் பதிலாக வைக்க ஒரு வெள்ளி உருவம் வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். விஷயத்தைச் சொன்னதும், கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கண்ணாயிரம் தாராளமாகப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"எடுத்துக்க அண்ணாத்த. கொயந்த நல்லா கீதா?"

சும்மா கேட்டதுதான். சின்னராசு சிலுவையைக் கையில் எடுத்தார். உப்புக்காற்றில் விளிம்பு பச்சை பூத்திருந்தது. பின்பக்கம் திருப்பி, அந்த எண்ணை பஸ் டிக்கெட்டில் எழுதிக்கொண்டார். பிறகு சிலுவையை இருந்த இடத்திலேயே மாட்டினார். பக்கத்தில் வெள்ளி உருவத்தையும் வைத்தார்.

"இன்னா அண்ணாத்த, ரெண்டையும் வுட்டுட்டுப் போற?"

நான்காவது குழியில் இப்போது அந்த டிக்கெட் இருக்கிறது. வருடா வருடம் திருவிழாப் பிரசங்கத்தில் பங்குச் சாமியார் சின்னராசுவின் தாராள மனதைப் புகழ்கிறார். மேரி பெருமையோடு திரும்பிப் பார்க்கிறாள். சின்னராசு தலையைக் குனிந்துகொள்கிறார், அடக்கம் என்கிறார்கள். சிலுவையின் ஆரஞ்சு நாடா வெயில் பட்டு வெளுத்துக்கொண்டே வருகிறது. ஜன்னல் பக்கமிருந்து அதைத் தள்ளி மாட்டுங்கள் என்றுகூட அவர் இதுவரை சொல்லவில்லை.