தூணம்மனின் மீசை

சுகாசினிக்குக் குமட்டல் வருவது அபூர்வம். தாமல் ஏரிக்கரையில் சேற்றையும் சாணியையும் மிதித்து வளர்ந்தவள். பாட்டன் சொத்து என்று ஒரு செங்கல் கிடையாது. அறுவடைக் கூலியில் தின்ற சோறு, ஏனாத்தூர் காலேஜுக்குப் பஸ்ஸில் தொங்கிப் போய்ப் படித்த வேதியியல், அதை வைத்துப் பிடித்த வேலை, எல்லாம் தன் கையால் வந்தது. அப்படிப்பட்டவளே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கோயில் மதிலோரம் போய் வாந்தி எடுத்தாள் என்றால், அந்தத் தூண் எப்படி இருந்திருக்கும்!

வேலைக்குப் பெயர் பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையை விட்டுப் பார்த்தால் ஊரார் அழுக்கு. காஞ்சிபுரத்தில் ஒரு சின்னக் கோயில், பதினாறு கால் மண்டபம், அதில் ஒரே ஒரு தூணை அவளிடம் விட்டிருந்தது சென்னைக் கம்பெனி. மூன்று மாதம் சோதனை. தூணும் அறிக்கையும் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் தாமல்தான்.

அந்தத் தூணில் முழ உயரத்துக்கு ஒரு சிலை. ஊர் அதைத் தூணம்மன் என்றது. தறியிலிருந்து சேலை அறுக்கும்போதெல்லாம் நெசவு வீட்டுப் பெண்கள் அதற்கு ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, குங்குமம் அப்பி, சிவப்புப் பாவாடை கட்டுவார்கள். ஊற்றியவர்கள் ஆயிரம் பேர், துடைத்தவர் ஒருவரும் இல்லை. இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்புப் பிசின். அதற்குள் தலைமுடி, வௌவால் புழுக்கை, கரப்பான் கால், எவனோ மென்று ஒட்டிய சூயிங்கம். கும்பிடுகிற சாமி மேலேயே எச்சிலை ஒட்டுகிற ஜனம்! தங்கள் வீட்டுக் கூடத்தை இப்படி வைத்திருப்பார்களா?

இரும்பு பட்டால் கல் கீறிவிடும். அதனால் மூங்கில் குச்சி, பஞ்சு, மெல்லிய பிரஷ். மருந்து கலந்த காகிதக் கூழை அப்பிக் காயவிட்டால் எண்ணெயை உறிஞ்சும். உரித்தெடுத்தால் செத்த எலி நாற்றம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்தாள். பதினோராம் நாள் முகம் வந்தது. மூக்குக்குக் கீழே முறுக்கிய மீசை. கூப்பிய கை, இடுப்பில் கத்தி. கோயிலுக்கு அள்ளிக் கொடுத்த யாரோ ஒரு பிரபு.

எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த நெசவு வீட்டு நீலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாமா இது? முப்பது வருசமா ஒரு ஆம்பளைக்கா பாவாடை கட்டிக்கினு இருந்தேன்?"

"ஆமாம்மா. அவரே சாமியைக் கும்பிட்டுக்கினு இருக்காரு, பாருங்க."

விஷயம் கேட்டு அறங்காவலர் பரமசிவம் மூச்சிரைக்க வந்தார்.

"யாரும்மா உன்னை மீசை தெரியிற வரைக்கும் தேய்க்கச் சொன்னது? எண்ணெயைத் தடவி மூடு. அறிக்கையில அம்மன்னு எழுது. இல்லன்னா இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியலைன்னு உங்க கம்பெனிக்கு லெட்டர் போவும்."

"மீசை நான் வச்சதில்ல சார். கல்லுல இருக்குது."

"நேத்து வந்தவளுக்கு வாயைப் பாரு!"

அன்று மாலை அறிக்கையோடு உட்கார்ந்தாள். அம்மன் என்று ஒரு வார்த்தை எழுதினால் வேலை தங்கும். பிசினை விட அந்த வார்த்தை அதிகமாக நாறியது. 'ஆண் உருவம், மீசை, இடுப்பில் கத்தி' என்று எழுதி, போட்டோவும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பரமசிவம் புகார்க் கடிதத்தை நீட்டி, முதல் கையெழுத்துக்கு நீலாம்பாளைத்தான் பிடித்தார்.

"இந்தப் பொண்ணு சாமியைக் கெடுத்துட்டான்னு போடும்மா."

"தெரியாம கட்டினேன், சரி. மீசையைப் பாத்தப்புறமும் அந்தாளுக்குப் பாவாடை கட்டச் சொல்றியா? எங்க வூட்டுக்காரரு சிரிக்க மாட்டாரு? போய்யா!"

அவள் போடாத கையெழுத்தை வேறு எந்த நெசவு வீட்டிலும் போடவில்லை. கடிதம் பரமசிவத்தின் சட்டைப் பையிலேயே வேர்வையில் ஊறியது. மூன்றாம் மாத முடிவில் கம்பெனி வேலையை நிரந்தரமாக்கி, பக்கத்துத் தூணையும் சுகாசினிக்கே கொடுத்தது.

அந்தப் பக்கத்துத் தூணில் அவள் பிரஷை வைத்த அன்று காலை, நீலாம்பாள் ஒரு சின்ன வேட்டியோடு வந்து மீசைக்காரருக்கு அழகாகக் கட்டிவிட்டாள். எண்ணெய் ஊற்றவில்லை. சுகாசினிக்கு மனம் குளிர்ந்தது. அதற்குள் அந்த அம்மாள் சன்னதியில் இட்டுக்கொண்டு விரலில் மிச்சமிருந்த குங்குமத்தைப் பக்கத்துத் தூணில் அழுத்தித் துடைத்தாள்.

"அம்மா!"

"இன்னாமா கத்துற? இதுல யாரும் இல்லியே!"

சுகாசினி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டாள்.