ஆறு கட்டடத்துக்கு ஒரே வெள்ளை

எங்கள் தெருவில் அருங்காட்சியகங்கள் ஆறு. ஆறின் சுவர்களுக்கும் இருபத்தெட்டு வருடமாகப் பெயிண்ட் அடிப்பவர் என் அக்கா வீட்டுக்காரர். அடிப்பது வெள்ளை மட்டும்தான் என்பதால் தெருவில் அவருக்குப் பெயர் 'வெள்ளைக்காரர்'. அவருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையும் தாங்கிக்கொள்பவன் நான். இரண்டாவது வேலைதான் கஷ்டம்.

போன வருடம் ஆறும் சேர்ந்து ஒரே பெயர் வைத்துக்கொண்டன. ஒரே டிக்கெட், ஒரே வரைபடம், ஊழியர்களுக்கு ஒரே சட்டை. எலியும் பூனையுமாக இருந்தவர்கள் ஒன்றாகிறார்கள், நல்லதுதான். அதற்கென்று வந்த அதிகாரியம்மா, எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஒரே இடமாகத் தெரிய வேண்டும் என்று, சுவருக்கும் ஒரே வெள்ளையை டின் நம்பரோடு எழுதிக் கொடுத்தார்.

மாமா படித்துப் பார்த்தார். "இது சரிப்படாதும்மா. ஒவ்வொரு கட்டடத்துலயும் வெளிச்சம் வேற. நான் ஆறுக்கும் ஆறு வெள்ளை கலக்குறவன்."

"எழுதினபடி அடிங்க, போதும்."

அடித்தோம். பானைகள் வைத்திருக்கும் கட்டடத்தில் ஜன்னலெல்லாம் வடக்கே. சுவர் நீலம் பாய்ந்து நின்றது. எதிரே செங்கல் சுவர் உள்ள புகைப்படக் கட்டடத்தில் அதே வெள்ளை ரோஜா நிறம் காட்டியது. ஆறு பொறுப்பாளர்களையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்த அதிகாரியம்மாவின் முகம் கடுகடுத்தது.

"ரெண்டும் ஒரே டின்னா? யார் காதுல பூ சுத்துறீங்க? மட்டமான டின்னை வாங்கி அடிச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரணும். இல்லைன்னா வேற ஆள் பாத்துக்குவோம்."

இத்தனை வருடத்தில் கை சுத்தமில்லாதவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அன்று மாமா சாப்பிடவே இல்லை. அக்காதான் சொன்னாள்: "வேலை போச்சுன்னா என்ன பண்ணுவோம்? அந்தம்மா கேட்டது ஒரே மாதிரி தெரியணும்னுதானே? செஞ்சு குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு வாங்க."

மறுநாள் முதல் மாமா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போய் உட்கார்ந்து வெளிச்சம் பார்த்தார். வடக்கு ஜன்னலுக்குக் கொஞ்சம் மஞ்சள், செங்கல் சிவப்புக்குத் துளி பச்சை. ஆறு வாளி, ஆறு கலவை. ஏணி பிடித்தே என் தோள் கழன்றது; கேட்கத்தான் நாதியில்லை.

வெள்ளிக்கிழமை அதே கூட்டம் ஆறையும் சுற்றி வந்தது. "பாத்தீங்களா! ஒரே டின்னை எடுத்தா எவ்வளவு ஒண்ணா இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே அதிகாரியம்மா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் வேலை நிலைக்கும். மனுஷன் இருப்பாரா?

"இதுதாம்மா ஆறு வெள்ளை. அன்னைக்கு அடிச்சதுதான் ஒரே டின்." வாளிகளைக் கொண்டுவந்து மூடி திறந்து வரிசையாக வைத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

அதிகாரியம்மா வாளிகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"அன்னைக்கு இவங்க முன்னாடிதானே உங்களைக் குத்தம் சொன்னேன்? இவங்க முன்னாடியே சொல்றேன். தப்பு என்னோடது." அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் மாமா, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

"என்ன மாமா, வேலைதான் நிலைச்சிடுச்சே?"

"வேலை கிடக்குடா," என்றார்.