பஸ் ஏறாதீங்க

சகாயமேரி போய்விட்டாள் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கடையில் ஒரு ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தம்பி பேசினார். "ஜோதிக்கா, அக்கா போயிருச்சுக்கா" என்றார். காய்ச்சல் என்று படுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மீதி ஹூக்குகளையும் வைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் போட்டுவிட்டு எழுந்தால் அவளுக்குப் பிடிக்காது.

அவளிடம் அளவு கொடுத்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் இருவரும் பெண்களுக்கான தையல் கடை போட்டோம். அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். சண்டை போடாத நாள் கிடையாது. பேசாமல் இருந்த நாளும் கிடையாது.

தையல்காரர்கள் பொய் சொல்வோம். நானே ஒப்புக்கொள்கிறேன். "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்று சொல்லும்போது உங்கள் துணி மடிப்புக்கூடக் கலையாமல் அலமாரியில் கிடக்கும். நிலக்கோட்டை டீச்சர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கை கொடுத்திருந்தார். மூன்றாவது முறையாக அவர் வந்து நின்றபோதும், "ஹூக்கு மட்டுந்தான் பாக்கி டீச்சர்" என்றேன். அந்த நேரம் பார்த்து சகாயம் அவருடைய துணியைத்தான் மேஜையில் விரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "லீவு போட்டுட்டு வந்தேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெட்டாத துணியை எடுத்துக்கொண்டு போனார். சகாயம் அன்று மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை.

எதிரிலேயே ஏ.சி. போட்ட பெரிய தையல் கடை வந்திருந்த சமயம் அது. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். கடை நிற்குமா என்றே எனக்குப் பயம். அப்போதுதான் சகாயம் ஒரு பழைய செல்போன் வாங்கினாள். ஊரெல்லாம் மெசேஜில் தள்ளுபடி, விசேஷச் சலுகை என்று கூவிக்கொண்டிருந்த காலம். காசு கொடுத்தால் அப்படி அனுப்பித் தருவதாக எங்களிடமும் ஒருவர் வந்தார். "பத்தாயிரம் நம்பருக்கு ஒரே அடியா போகும்க்கா" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். சகாயம் கத்தரியைக் கீழே வைக்காமலே, "எங்களுக்கு இருக்கறது ஆளுக்கு ரெண்டு கை. பத்தாயிரம் பேரு வந்து நின்னா நீங்களா தைப்பீக?" என்று கேட்டாள். மனிதர் மறுபடி வரவில்லை.

அளவு நோட்டில் இடுப்புச் சுற்றளவுக்குப் பக்கத்தில் போன் நம்பரும் ஏறியது. தினமும் காலையில் கத்தரியைத் தொடுவதற்கு முன்னால் மெசேஜ் அனுப்புவாள். அந்தப் போனில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பாள். "உங்க ரவிக்கை முடியலை. பஸ் ஏறாதீங்க. வெள்ளிக்கிழமை சொல்றேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏண்டி, ஊரு பூராம் வாங்க வாங்கன்னு மெசேஜ் அனுப்புறாக. நீ காசு குடுத்து வராதீகன்னு அனுப்புற. கிறுக்கு புடிச்சிருச்சா?"

"வராதீகன்னு சொன்னது நெசமா இருந்தாத்தான், வாங்கன்னு சொல்றப்ப நம்பி வருவாக" என்றாள்.

எனக்கு அது ஏறவில்லை. அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் துணிகள் குவிந்து கிடந்தன. எதிர்க்கடையில் 'இரண்டே நாளில்' என்று பலகை வைத்தார்கள். சகாயம் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம், அவள் மேஜையில் விட்டுப்போன போனை எடுத்தேன். பதினோரு பேருக்கு "முடிஞ்சிருச்சு, வாங்க" என்று தட்டிவிட்டேன். வந்தபின் உட்காரவைத்துத் தைத்துக் கொடுத்துவிடலாம், துணி எதிர்க்கடைக்குப் போகாது என்பது என் கணக்கு. ஆறு பேர் ஒன்றாக வந்து நின்றார்கள். நெய்க்காரப்பட்டியில் வாக்கப்பட்ட பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "ஏனுங்க, முடிஞ்சுதுன்னு சேதி வந்துச்சுங்களே?" என்று அவள் கேட்கவும் சகாயம் படியேறி வரவும் சரியாக இருந்தது.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆறு பேரிடமும், "பொய் சொல்லிட்டோம். மன்னிச்சுக்கங்க" என்றாள். என்னைக் கைகாட்டவே இல்லை. வராத ஐந்து பேருக்கும் உடனே அனுப்பினாள்: "காலைல வந்தது பொய். பஸ் ஏறாதீங்க. துணி திரும்ப வேணும்னா வீட்டுக்கே கொண்டாந்து தாரோம்." பதினோரு பேரில் ஒருவர்கூடத் துணியைத் திரும்பக் கேட்கவில்லை. எல்லாரும் போனபிறகு என்னிடம், "இன்னொருக்க எம் போனைத் தொட்ட, வெரலை ஒடிச்சிருவேன். தைக்கிற வெரலாச்சேன்னு இந்தத் தடவை விடுறேன்" என்றாள்.

அடுத்த வருடம் நிலக்கோட்டை டீச்சரே மூன்று ரவிக்கைத் துணியோடு வந்தார். "எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சருக்கு நீங்க அனுப்புற மெசேஜைத்தான் வாசிச்சு வாசிச்சுச் சிரிக்கிறோம். வராதன்னு சொல்ற தையக்காரிய இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடமே எங்களிடம் வந்தது. எதிர்க்கடை இன்றும் இருக்கிறது, ஏ.சி. ஓடுகிறது. நாங்களும் இருக்கிறோம். அப்படி ஒருத்தியோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "தையிடி முதல்ல" என்றிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் போனை இரண்டாவது முறையாகத் தொட்டேன். நோட்டில் துணி பாக்கி இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன்: "சகாயமேரி இறந்துட்டா. உங்க துணி பத்திரமா இருக்கு. தச்சுட்டுச் சொல்றேன். பஸ் ஏறாதீங்க."

மறுநாள் அடக்கத்துக்கு மாதா கோயிலில் உட்கார இடமில்லை. நிலக்கோட்டையிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் வந்திருந்தார்கள். நெய்க்காரப்பட்டிப் பெண் வந்திருந்தாள். அந்தக் கைக்குழந்தை இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் வரிசையில் டீச்சர். "வராதீங்கன்னுதான டீச்சர் அனுப்புனேன்?" என்றேன். அழுகைக்கு நடுவே அவர் என் முதுகில் ஒன்று வைத்தார். "நீ அனுப்புனத என்னைக்குடி நம்புனோம்?"

போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நேற்றுக் காலை கடையைத் திறந்து, அவளுடைய கத்தரியை நான் தொடுவதற்கு முன்னால் முதல் மெசேஜை அனுப்பினேன். "டீச்சர், உங்க ரவிக்கை முடியலை. பஸ் ஏறாதீங்க. வெள்ளிக்கிழமை சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சரி ஜோதி. நீ சொன்னப்புறம் வாரேன்."