சாப்பிடாமல் ஏறிய சீனி

எந்நேரமும் தாகம், கண் மங்கல், அலுவலகக் கதிரையில் உட்கார்ந்தபடியே தூக்கம். கண்டியில் கிளார்க் வேலை பார்த்துவந்த எனக்கு இதெல்லாம் வயதின் கோளாறு என்றே தோன்றியது. கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்றார்கள். குளிசை தந்தார்கள், சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். சீனியால் வந்தது, சீனியை விட்டால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு கெலிஓயா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மனைவி அன்றைக்கே சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். இரவில் குரக்கன் ரொட்டியும் பாகற்காயும் என்றாகிவிட்டது. மகள், விரலைக் குத்திச் சீனி பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கித் தந்தாள். அதிலிருந்துதான் குழப்பம் தொடங்கியது.

படுக்கப்போகும் முன் பார்த்தால் ஓர் அளவு காட்டும். காலையில் எழுந்து பார்த்தால் அதைவிடக் கூடுதலாகக் காட்டும். இடையில் நான் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொட்டிருக்க மாட்டேன்.

"ஏங்க, நான் தூங்கின பொறகு எழும்பி ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"சத்தியமா இல்ல."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

மெஷின் பழுதோ என்று மகளின் விரலில் குத்திப் பார்த்தோம். அவளுக்குச் சரியாகவே காட்டியது. தூக்கத்தில் நடந்துபோய்ச் சாப்பிடுகிறேனோ என்று, ஒரு காலையில் நானே சமையலறைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ரொட்டி குறையவில்லை. என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலை அளவு இறங்கவில்லை. மனைவிக்குத் தெரியாமல் காலைச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். சாப்பாடு உள்ளே போகவில்லை, மருந்து போகிறது, இனி எப்படி ஏறும் என்பது என் கணக்கு.

ஒருநாள் மதியமும் சீனி போடாத பிளேன்டீயோடு சரி. வேலை முடிந்து வீட்டுக்கு பஸ் ஏறினேன். பேராதனையைத் தாண்டும்போது முதுகெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. கண்டக்டர் வந்து, "கொஹெத யன்னே?" என்றான். எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் அவன் தினமும் கேட்பதுதான். ஆனால் எங்கே போகிறேன் என்பது எனக்கு நினைவில்லை. பல வருடங்களாக இறங்கும் ஊரின் பெயர் வாய்க்கு வரவில்லை.

பக்கத்து சீட்டில் இருந்த முஸ்லிம் பெண் என் முகத்தையே பார்த்தாள்.

"நானா, ஒங்களுக்கு சீனி வருத்தம் இரிக்கா?" என்றாள், அண்ணனைக் கூப்பிடும் முறையில்.

தலையாட்டினேன். அவள் பையைத் துழாவி ஒரு டொபியை உரித்து நீட்டினாள்.

"ஐயோ வேணாம், எனக்குச் சீனி கூடாது."

"சீனி எறங்கிட்டுது, அதுக்குத்தான் தாரேன். எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் வேர்த்து நடுங்குவாங்க. மொதல்ல சப்புங்க!"

அவள் போட்ட அதட்டலில் வாயைத் திறந்தேன். இன்னும் இரண்டு டொபி தந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. ஊரும் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னபடியே இறங்கியதும் கடையில் ஒரு பணிஸ் வாங்கிச் சாப்பிட்டேன். நோயும் சீனி, மருந்தும் சீனியா? வீடுவரை யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் எதையும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

மறுநாள் சட்டை துவைக்கும்போது மனைவி டொபித் தாள்களைக் கண்டுபிடித்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஈரச் சட்டையோடு கதவோரம் நின்று அழுதாள்.

"நான் இங்க பாகக்காயா அரிஞ்சுக்கிட்டு இருக்கேன். நீங்க வெளியில டொபி தின்னுக்கிட்டு வாறீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "வாங்க, கிளினிக்ல வந்து சொல்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். முழுவதையும் கேட்டார்.

"ஓம், காலமையில ஏறும். நீங்கள் நித்திரை கொண்டாலும் ஈரல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். சேர்த்து வைச்ச சீனியை விடியப்புறத்தில இரத்தத்துக்குள்ள விடும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். உங்களுக்கு அதைச் சமாளிக்கிற இன்சுலின் போதாமல் கிடக்கு. நீங்கள் களவாச் சாப்பிட்டீங்கள் எண்டு ஆர் சொன்னது?"

மனைவி நிலத்தைப் பார்த்தாள்.

"ஆனா, சாப்பிடாமல் இந்தக் குளிசையைப் போட்டது பெரிய பிழை. அது உள்ள சீனியையும் இறக்கிப்போடும். அந்தப் பிள்ளை டொபி தந்திராட்டி மயங்கி விழுந்திருப்பீங்கள்."

குளிசையை மாற்றித் தந்தார். மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடச் சொன்னார், நடக்கச் சொன்னார். வெளியே வந்ததும் மனைவி, "பசியோட வேலைக்குப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எதிரிலிருந்த கடையில் எனக்கு இடியப்பமும் பருப்பும் வாங்கித் தந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

இப்போது சீனி ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரே சாப்பாடு, ஒரே நடை; ஒரு காலை இறங்கியிருக்கும், அடுத்த காலை ஏறியிருக்கும். ஏறியிருந்தால் மனைவி ஒன்றும் கேட்பதில்லை. "மொதல்ல சாப்பிடுங்க" என்று சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைக்கிறாள்.